விருந்தினர் கடமை

குமரி முனையில் கதிரவன் எழும் காட்சியைக் காண்பதற்கு ஆண்டு முழுவதும் மக்கள் வந்தவண்ணம் உள்ளனர். முதல் நாள் மாலையிலேயே வந்து விடுதிகளில் தங்குகின்றனர்; வைகறையில் எழுந்து கடற்கரைக்கு விரைகின்றனர்; செங்கதிர் நீர்ப்பரப்பின்மேல் எழக் கண்டு கைகூப்புகின்றனர். பின்னர்ப் படகேறிச் சென்று, 1970-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விவேகானந்தர் நினைவு மண்டபத்தையும், அதனை அடுத்த பாறையின்மேல் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையையும் கண்டு மகிழ்கின்றனர்.

அச்சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுடையது. அதன் பீடம் 38 அடி. அஃது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி; அது பொருட்பால், காமத்துப்பால் ஆகிய இரண்டின் 95 அதிகாரங்களைக் குறிப்பது. அறத்தை அடியாகக் கொண்டே பொருளும் இன்பமும் நிற்றல் வேண்டும் என்னும் கருத்தைக் கல்லிலே கண்டவர் உள்ளம் நிறைந்து கரைக்கு மீள்கின்றனர்.

மீண்டவர் தாம் தங்கிய அறைக்குச் சென்று, பெட்டி பைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகின்றனர். அவர்கள் படியிறங்கிய சிறிது நேரத்தில் அவ்வறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைகின்றவர் ஒருவர் உளர். அவரே அவ்விடுதியின் அறைப் பணியாளர். கட்டிலின்மேல் ஈரத்துணி கிடக்கிறது. குளியலறைத் தரையெங்கும் கடல் மணல். கழுவுதொட்டியில் முதல் நாள் இரவு உண்டு மிஞ்சிய சாம்பார் தேங்கி நிற்கிறது. குப்பைக் கூடை வெறுமையாக இருக்க, குப்பை அதனைச் சுற்றிலும் கிடக்கிறது. மின்விசிறி ஒருவருமில்லா அறையில் சுழன்றுகொண்டிருக்கிறது. பணியாளர் ஒன்றும் பேசாது குனிந்து வேலையைத் தொடங்குகிறார்.

அறத்தின் பீடத்தைக் காலையில் வணங்கியவரும் இவ்வறையை விட்டுச் சென்றவரும் ஒருவரே என்பதை எண்ணினால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். அவர் தீயவர் அல்லர், கல்லாதவரும் அல்லர். தமக்குப்பின் அவ்வறைக்குள் ஒரு மனிதர் வருவார் என்பதை அவர் நினையாது போயினார். அவரது குறை அவ்வளவே. ஆயினும், அக்குறையின் சுமை முழுவதும் மற்றொருவர் தோளில் விழுகின்றது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியராய் வந்தவரை ஓம்புதலே விருந்தோம்பல் எனப்பட்டது. திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பத்தாம் அதிகாரம் இனியவை கூறல். பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். இவ்வரிசை எண்ணத்தக்கது. விருந்தோம்பல் இல்லத்தார் கடமை. இனியவை கூறலோ இல்லத்தார்க்கும் விருந்தினர்க்கும் பொது. செய்ந்நன்றி அறிதல், நன்மையைப் பெற்ற விருந்தினர்க்குச் சிறப்பாக உரியது. ஓம்புவார்க்கு ஒரு கடமை உண்டெனின், ஓம்பப்படுவார்க்கும் ஒரு கடமை உண்டு என்பது இதனால் விளங்கும்.

உறவினர் இல்லத்தில் தங்கும்போது இக்கடமை எளிதில் நினைவிற்கு வரும். படுத்த பாயைச் சுருட்டி வைப்பதும், உண்ட இலையை எடுப்பதும், விடைபெறும்போது, "போய் வருகிறோம், அத்தை" என்று சொல்லுவதும் இயல்பாக நிகழும். ஏனெனில், அங்கே உபசரிப்பவர் முகம் கண்முன் நிற்கிறது. விடுதியிலோ அம்முகம் மறைந்து நிற்கிறது. வாடகையைப் பெறுபவர் ஒருவர். திறவுகோலைத் தருபவர் மற்றொருவர். படுக்கையை விரித்து, நீர்த்தொட்டியைக் கழுவி, அறையைத் தங்குவதற்கு ஏற்றதாக ஆக்கி வைத்தவர் வேறொருவர். உண்மையில் விருந்தோம்புபவர் இம்மூன்றாமவரே. தங்குவோர் காணாதவரும் பெரும்பாலும் இவரே.

முற்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. வழிச்செல்வோர் தங்குவதற்கு ஊர்தோறும் சத்திரமும் சாவடியும் இருந்தன. அரசரும் அறவோரும் அவற்றை அமைத்தனர். மதுரையில் புகைவண்டி நிலையத்தின் எதிரே அரசி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரம் உள்ளது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பல சத்திரங்களை எழுப்பினர். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. அக்காலத்து வழிப்போக்கர் தம் பாயையும் போர்வையையும் செம்பையும் தம்முடன் கொண்டு செல்வது வழக்கம். திண்ணையில் தாமே விரித்தனர், தாமே சுருட்டினர். ஆதலின், அவர் விட்டுச் சென்ற இடத்தில் மற்றவர் செய்யவேண்டிய வேலை சிறிதாகவே இருந்தது.

இக்காலத்து விடுதியில் மெத்தை, விரிப்பு, தலையணை, துண்டு, வாளி, குவளை ஆகிய அனைத்தும் ஆயத்தமாக உள்ளன. பயணம் செய்வோரின் கைச்சுமை குறைந்தது. ஆனால், வேலை குறையவில்லை. விரிப்பதும் சுருட்டுவதும் துவைப்பதும் துடைப்பதும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறின. அவ்வேலை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி விருந்தினர் கடமை யாது என்பது விளங்காது. ஆதலின், அதனை முதற்கண் காண்போம்.

பெரிய விடுதிகளில் அறைப் பணியாளர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 அல்லது 14 அறைகளை ஒப்படைப்பது வழக்கம். சில இடங்களில் அதனினும் மிகுதி. ஒருவர் எட்டு மணி நேரம் பணி செய்கிறார் எனக் கொள்க. அஃது 480 நிமிடம். உணவிற்கும், தூய விரிப்புகளைக் கணக்கிட்டு வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்குவதற்கும் 60 நிமிடம் கழிந்தால் எஞ்சுவது 420 நிமிடம். 14 அறைகளுக்கு அதனைப் பகுத்தால் ஓர் அறைக்குக் கிடைப்பது 30 நிமிடமே. அந்த 30 நிமிடத்திற்குள் முன்னவர் தங்கிய அடையாளம் ஒன்றும் இன்றி அறையைப் புதிதாக்குதல் வேண்டும்.

அவ்வேலைக்கு ஒரு முறை உண்டு. பணியாளர் முதலில் கதவைத் தட்டித் தாம் வந்திருப்பதைக் கூறுவார். விடை வாராவிடின் மீண்டும் தட்டிய பின்னரே திறப்பார். உள்ளே சென்று சாளரங்களைத் திறந்து காற்றை வரச் செய்வார். குப்பையை அகற்றுவார். பயன்பட்ட விரிப்புகளையும் உறைகளையும் உருவி எடுப்பார். அவ்வாறு எடுக்கும்போது தங்கியவர் மறந்துவிட்ட பொருள் ஏதேனும் உள்ளே சிக்கியிருக்கின்றதா என ஒவ்வொன்றையும் உதறிப் பார்ப்பார். குளியலறையைத் தேய்த்துக் கழுவுவார். தூய விரிப்பை விரிப்பார். மேசை, நாற்காலிகளின் தூசியைத் துடைப்பார். விளக்கும் குழாயும் செவ்வையாக உள்ளனவா என ஆராய்வார். இறுதியாக, உள்மூலையிலிருந்து தொடங்கி வாயிலை நோக்கிப் பின்வாங்கியவாறே தரையை ஈரத்துணியால் துடைப்பார். துடைத்த இடத்தில் தம் காற்சுவடும் படியலாகாது என்பதே இம்முறையின் காரணம்.

இவ்வேலையுள் உடலை மிகவும் வருத்துவது படுக்கை விரித்தல். விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுவதற்காக ஒவ்வொரு மூலையையும் தூக்குதல் வேண்டும். ஒரு மெத்தைக்கு நான்கு மூலை. அறைக்கு இரு கட்டில்கள் எனில், 14 அறைகளில் 112 முறை குனிந்து, ஒரு கையால் மெத்தையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் விரிப்பைச் செருகுதல் வேண்டும். முதுகும் தோளும் மணிக்கட்டும் நாளடைவில் நோவதற்கு இதுவே ஏது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், விடுதி அறைப் பணியாளரின் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் நேரும் இவ்வகைக் கேடுகளைத் தடுப்பதற்கென்றே தனி விதி ஒன்று 2018-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. இவ்வேலை உடல் நலிவைத் தரவல்லது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அவ்விதி ஒரு சான்று.

இனி, 30 நிமிடத்தில் முடியவேண்டிய ஓர் அறை, விருந்தினரின் கவனக்குறைவால் 45 நிமிடம் ஆயிற்று எனக் கொள்க. மூன்று அறைகள் அவ்வாறு ஆயின், 45 நிமிடம் மிகுதியாகச் செலவாகும். அந்நேரம் எங்கிருந்து வரும்? பணியாளரின் உணவு வேளையிலிருந்து வரும். அல்லது அவர் வீடு திரும்பும் நேரத்திலிருந்து வரும். விருந்தினர் தரையில் எறிந்த தோல் ஒருவர் உண்ணும் நேரத்தைக் குறைக்கிறது. சிறு செயல்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் இயலாது.

விருந்தினர் தவிர்க்கத்தக்கவற்றை நான்கு வகையாகக் கூறலாம். அவை ஈரம், கறை, குப்பை, கூர்ம்பொருள் என்பன.

ஈரம் முதலாவது. கடலாடி வந்தவர் நனைந்த ஆடையையும் துண்டையும் கட்டிலின்மேல் இடுவது பெருந்தவறு. விரிப்பை மாற்றிவிடலாம், மெத்தையை அவ்வாறு மாற்ற இயலாது. ஈரம் உள்ளிறங்கினால் அடுத்து வருவோர்க்கு நண்பகலுக்குள் அது காய்வதில்லை. நாளடைவில் பூஞ்சையும் தீநாற்றமும் பற்றும். பயன்படுத்திய துண்டுகளை எல்லாம் குளியலறையில் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்தல் நன்று. கடல் மணலைக் காலிலும் ஆடையிலும் சுமந்து வந்து குளியலறையில் கழுவுதலும் கூடாது. மணல் குழாயினுள் படிந்து நீர்ப்போக்கை அடைக்கும். வெளியிலேயே ஆடையை உதறி, வாயிற்குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருதல் எளிது. தலைமுடியும் ஷாம்பு உறைகளும் வடிகாலை அடைப்பனவே. பிறர் முடியைக் கையால் அள்ளி எடுக்கும் வேலையை மற்றொருவர்க்கு வைத்துச் செல்லலாகாது.

கறை இரண்டாவது. விடுதிகளில் விரிப்புகள் பெரும்பாலும் வெண்ணிறமாகவே இருக்கும். சிறு அழுக்கும் தெரியவேண்டும் என்பதும், எல்லாவற்றையும் ஒருங்கே வெளுக்க இயலவேண்டும் என்பதும் அதற்குக் காரணங்கள். வெள்ளையில் ஏறும் கறைகளுள் மஞ்சட்கறை மிகக் கொடியது. மஞ்சளின் நிறப்பொருள் பருத்தி நூலை இறுகப் பற்றும்; சவர்க்காரம் பட்டவுடன் செந்நிறமாக மாறும். குங்குமம், தலைச்சாயம், மருதாணி, எண்ணெய் ஆகியனவும் எளிதில் நீங்கா. தலையணை உறையால் முகத்தைத் துடைத்தலும், துண்டால் காலணியைத் துடைத்தலும், படுக்கைமேல் இலை விரித்து உண்ணுதலும் நற்பழக்கங்கள் அல்ல. தவறிக் கறை படிந்துவிடின், அதனை மடித்து மறைத்தல் கூடாது. உடனே கூறினால் கறை காய்வதற்குமுன் நீரில் இட்டு அதனைப் போக்க முயல்வர். மறைத்தால் துணி கெடுவதோடு, பார்க்கவில்லையே என்னும் பழியும் பணியாளர்மேல் வரக்கூடும்.

குப்பை மூன்றாவது. உணவு மிச்சத்தையும் பிற குப்பையையும் வேறு வேறாகக் கட்டி வைத்தல் வேண்டும். ஒரே கூடை இருப்பின், உணவு மிச்சத்தைத் தனிப் பையில் முடிந்து அதனருகே வைக்கலாம். சாம்பாரையும் குழம்பையும் கழுவுதொட்டியில் கொட்டினால் பருப்பும் காய்கறியும் குழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும். உணவைத் திறந்து வைத்தால் இரவிலேயே எறும்பும் கரப்பானும் வந்து சேரும். நடுவணரசு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மாதவிலக்குத் துணிகள், குழந்தைகளின் கழிவுத்துணிகள் ஆகியவற்றைத் தக்க உறையில் நன்கு சுற்றியே தருதல் வேண்டும் எனக் கூறின. அவ்விதி வீட்டிற்கு மட்டும் உரியதன்று. வெளியூரில் தங்கும்போதும் பின்பற்றத்தக்கது. பிறர் கையால் தொடவேண்டிய பொருளை அவர் அருவருப்படையாதபடி வைப்பது மனிதப் பண்பு.

கூர்ம்பொருள் நான்காவது. நால்வகையுள் இதுவே அஞ்சத்தக்கது. முகம் மழித்த பிளேடு, உடைந்த கண்ணாடிக் குவளை, நீரிழிவு நோயாளர் குத்திக்கொண்ட இன்சுலின் ஊசி ஆகியவற்றைச் சிலர் காகிதத்தோடு காகிதமாகக் கூடையில் எறிந்துவிடுகின்றனர். பணியாளர் பையைக் கட்டும்போது அவை கையைக் கிழிக்கின்றன. ஊசியால் ஏற்படும் காயம் சிறியதாயினும், குருதி வழியாகப் பரவும் நோய்களை அது தரவல்லது. முன்பின் அறியாத ஒருவரின் ஊசி குத்திவிட்டது என்றால், பரிசோதனையின் முடிவு வரும்வரை அப்பணியாளரும் அவர் குடும்பத்தாரும் படும் துயரம் சொல்லுந்தரத்ததன்று. இதனைத் தடுப்பதற்கு வேண்டிய முயற்சியோ மிகச் சிறிது. பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள கெட்டியான புட்டியில் இட்டுத் தம்முடன் கொண்டு செல்லலாம். பிளேடைத் தடித்த தாளில் பலமுறை சுற்றி, மேலே எழுதி, தனியே வைக்கலாம். குவளை உடைந்துவிட்டால் அதனை மறையாமல், "இங்கே கண்ணாடி உடைந்துள்ளது" என்று நேரில் அறிவிக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். அவ்வாறாயின், விருந்தினரே விரிப்பை உதறி, மீண்டும் அழகாக விரித்துவிட்டுச் செல்வது இன்னும் நல்லதன்றோ? அன்று. அறையைக் காலி செய்யும் நாளில் படுக்கையைத் திருத்தமாக விரித்து வைத்தல் நல்லெண்ணத்தால் செய்யப்படினும் பணியாளர்க்கு உதவுவதன்று. அவ்விரிப்பை அவர் எப்படியும் உருவி எடுத்தே ஆகவேண்டும். ஓரங்கள் செருகப்பட்டிருந்தால் அவற்றை விடுவிக்கும் வேலை மிகுதியாகும். பயன்பட்ட கட்டில் எது, பயன்படாத கட்டில் எது என்பதும் விளங்காது போகும். ஆதலின், போர்வையைக் கட்டிலின் காற்புறமாக ஒதுக்கிவிட்டு, விரிப்பை அவ்வாறே விட்டுச் செல்லுதல் சாலும். பலநாள் தங்குபவர் தம் பொருள்களைக் கட்டிலின்மீதும் தரையின்மீதும் பரப்பாது ஓரிடத்தில் வைத்தால் அதுவே பேருதவி. பிறர் பொருளைத் தொட்டு நகர்த்துவதற்குப் பணியாளர் அஞ்சுவர் என்பதை அறிதல் வேண்டும்.

இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. பிறர்க்கு உதவுவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. அவர் தொழிலின் முறையை அறிதலும் வேண்டும். உழவன் நாற்று நட்ட வயலில் உதவி செய்வதாகச் சொல்லி ஒருவன் இறங்கி நடந்தால் பயிர்தான் மிதிபடும். ஒருவர் தொழிலை அறிந்துகொள்ள முயல்வதே அவரை மதிப்பதன் தொடக்கம்.

பணியாளரின் உடல்வருத்தத்தினும் கொடியது ஒன்று உண்டு. அதுதான் திருட்டுப் பழி. விருந்தினர் ஒருவரின் மோதிரத்தைக் காணவில்லை எனக் கொள்க. அவர் உடனே, "அறையைக் கூட்ட வந்தவர்தாம் எடுத்திருப்பார்" என்று கூச்சலிடுகிறார். பணியாளர் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தப்படுகிறார். அவர் பை அவிழ்த்துக் காட்டப்படுகிறது. சிறிது நேரங்கழித்து அம்மோதிரம் விருந்தினரின் பெட்டி மூலையிலேயே கிடைக்கிறது. மோதிரத்திற்கு உரியவர் மகிழ்ந்து ஊர் செல்கிறார். பழி சுமந்தவர்க்கோ அந்நாள் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் தைத்த முள்ளாக நிற்கும். அவர் வேலையை இழக்கவும் கூடும். ஆதலின், விலைமிக்க பொருள்களைத் தம்மிடமே காத்துக்கொள்ளுதல் விருந்தினர் கடமை. ஒன்று காணாவிடின், தலையணை அடியிலும் ஆடை மடிப்பிலும் பெட்டியிலும் முதலில் தேடுதல் வேண்டும். அதன்பின்னும் கிடைக்காவிடின், எவரையும் சுட்டாமல், பொருள் காணவில்லை என்று மட்டும் அலுவலகத்தில் அறிவித்தல் வேண்டும். விரிப்பை உதறுகையில் கிடைத்த பொருளை அலுவலகத்தில் ஒப்படைத்து, உரியவர்க்குச் சேர்ப்பிக்கும் பணியாளர் பலர் உளர் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது சொல். தமிழகத்து விடுதிகளில் அறைப் பணியாளரை 'ரூம் பாய்' என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. 'பாய்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிறுவன் என்பது பொருள். ஐம்பது வயது கடந்து, பேரன் பேத்திகளைக் கண்டவரையும் பதினைந்து வயது மாணவன் ஒருவன் அச்சொல்லால் அழைப்பது எத்துணைப் பொருந்தாச் செயல்! தமிழ் மொழியில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்னும் முறைச்சொற்கள் எல்லா ஊரிலும் வழங்குகின்றன. "அக்கா, குடிநீர் வேண்டும்" என்று கேட்பதற்கும், "ஏய், தண்ணீர் கொண்டு வா" என்று ஏவுவதற்கும் செலவாகும் மூச்சு ஏறத்தாழ ஒன்றே. விளையும் பயனோ வேறு. பெயர் அறிந்தால் பெயரோடு முறைச்சொல்லைச் சேர்த்து அழைப்பது இன்னும் சிறப்பு.

பணியாளர் கதவைத் தட்டியவுடன் விடை கூறுதல் வேண்டும். வேண்டாத வேளையாயின், "ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று தெளிவாகக் கூறினால் அவர் அடுத்த அறைக்குச் செல்வார். தக்க ஆடையின்றி அவரை உள்ளே அழைத்தல் கூடாது. பெண் பணியாளர் வரும்போது கதவைத் திறந்தே வைத்தல் வேண்டும். அவர் வேலை செய்யும்போது நையாண்டி பேசுதலும், ஈரத்தரையில் செருப்புக் காலோடு குறுக்கே நடத்தலும் நல்லொழுக்கத்திற்கு மாறானவை.

"வாடகை கொடுத்துவிட்டோம்; இவையெல்லாம் எதற்கு?" என்று வினவுவாரும் உளர். வாடகை கொடுத்தது உண்மையே. அவ்வாடகைக்கு அறை கிடைத்தது. அதனைத் தூய்மை செய்யும் பணியும் கிடைத்தது. ஒருவர் கையில் கண்ணாடி குத்துவதற்கும், அவர் செவியில் இழிசொல் விழுவதற்கும் உரிய விலையை எவரும் கொடுக்கவில்லை. அவை விலைக்குக் கிடைப்பனவும் அல்ல. அறையைத் தூய்மை செய்வது பணியாளர் தொழில். அத்தொழிலைத் துன்பமாக ஆக்காதிருத்தல் விருந்தினர் பொறுப்பு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் இவ்வினாவை எழுப்பார்.

சிலர் புறப்படும்போது பணியாளர்க்குச் சிறு தொகை கொடுப்பர். மனமுவந்து கொடுப்பது நன்றே. ஆயினும், அதனைக் கூலிக்கு ஈடாகக் கருதலாகாது. விடுதி, உணவகத் தொழிலாளரின் பணிநிலை குறித்து உலகத் தொழிலாளர் அமைப்பு 1991-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. விருந்தினர் தரும் அன்பளிப்பு எவ்வளவாயினும், தொழிலாளர்க்கு அடிப்படை ஊதியம் முறையாகக் குறித்த காலத்தில் தரப்படுதல் வேண்டும் என்று அது கூறுகின்றது. பணம் கொடுத்துவிட்டால் அறையை எவ்வாறு வேண்டுமாயினும் விட்டுச் செல்லலாம் என்று எண்ணுதலும் தவறு. மாணவர் கையில் கொடுப்பதற்குப் பணம் இல்லாதிருக்கலாம். ஒழுங்குபட விட்ட அறையும், "நன்றி, அண்ணா, போய் வருகிறோம்" என்னும் ஒரு சொல்லும் அவர்களால் தரக்கூடியவை.

தன் கையால் குனிந்து வேலை செய்தல் தாழ்வு என்று எண்ணுவோர் சிலப்பதிகாரத்துக் கண்ணகியை நினைத்தல் வேண்டும். அவள் புகார் நகரத்துப் பெருவணிகன் மாநாய்கனின் மகள். ஏவலர் பலர் சூழ வளர்ந்தவள். மதுரையின் புறத்தே ஆயர்பாடியில், மாதரி என்னும் இடைக்குலப் பெண்ணின் அடைக்கலமாக அவள் தங்கினாள். அங்கே அவள் விருந்தாளி என்று வாளா இருந்தாளல்லள். மெல்விரல் சிவக்கக் காய் அரிந்தாள். முகம் வியர்க்கச் சமைத்தாள். தரையில் நீர் தெளித்துத் தன் கையாலேயே தடவித் தூய்மை செய்து கணவனுக்கு இலையிட்டாள். அச்செயலால் அவள் பெருமை குறைந்ததாக இளங்கோவடிகள் பாடவில்லை. தரையைத் தொட்ட கை தாழ்ந்த கை ஆகாது என்பதை அக்காட்சி உணர்த்தும்.

பள்ளி மாணவர் சுற்றுலாச் செல்லும்போது இவற்றையெல்லாம் பழகுதல் எளிது. ஓர் அறையில் ஆறு மாணவர் தங்கியிருப்பின், புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்னர் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவன் குப்பையைத் திரட்டுவான்; ஒருவன் துண்டுகளைச் சேர்ப்பான்; ஒருவன் குவளைகளை மேசைமேல் வைப்பான்; ஒருவன் குளியலறை மணலை நீரூற்றாமல் கூட்டி அள்ளுவான்; ஒருவன் விளக்கும் விசிறியும் குழாயும் மூடப்பட்டனவா எனப் பார்ப்பான்; ஒருவன் கட்டிலின் அடியிலும் தலையணை அடியிலும் மறந்த பொருள் உண்டா எனத் தேடுவான். ஆறு பேர்க்கு ஐந்து நிமிடம். தனி ஒருவர்க்கோ அஃது அரைமணி நேரம். புறப்படும் அவசரத்தில் இந்த ஐந்து நிமிடம் கிடையாது என்பார், வைகறைக் காட்சிக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்தவர் என்பதை நினைப்பாராக.

குமரிமுனை விடுதி ஒன்றில் அத்தகைய மாணவர் குழு தங்கிச் சென்றதாகக் கொள்க. பணியாளர் கதவைத் திறக்கிறார். குப்பை ஒரு பையில் கட்டப்பட்டிருக்கிறது. துண்டுகள் ஓரிடத்தில் குவிந்துள்ளன. தரையில் மணல் இல்லை. மேசைமேல் ஒரு தாள், அதில், "உடைந்த குவளையைத் தாளில் சுற்றித் தனியே வைத்துள்ளோம். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா" என்று எழுதியிருக்கிறது. அவர் சாளரத்தைத் திறக்கிறார். கடற்காற்று உள்ளே வருகிறது. தொலைவில் வள்ளுவர் சிலை தெரிகிறது. இருபது நிமிடத்தில் அவ்வறையை முடித்துவிட்டு, அன்று அவர் தம் உணவை ஆறுமுன் உண்ணுகிறார்.